பேப்பர்ல 2/4, காதுல 4: பீத்தோவன் ஓபஸ் 13 ஸ்லோ மூவ்மெண்ட்ட எப்படி எண்ணுறது?

நவம்பர் 9, இரவு 10.15 (கொடுங்கையூர்ல இருந்து ஒரு கேள்வி)

அண்ணா, என்கிட்ட கீபோர்டு தான் இருக்கு, பியானோ இல்ல. பீத்தோவனோட பதெட்டிக் சொனாட்டால (அதான் ஓபஸ் 13) நடுவுல வர ஸ்லோ பீஸ எடுத்திருக்கேன். புக்ல 2/4ன்னு போட்டிருக்கு, ஆனா ஒரு பாருக்கு (ரெண்டு குத்துக் கோட்டுக்கு நடுவுல இருக்கற அளவு) எனக்கு நாலு அடி கேக்குது. ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணி தான் வாசிக்கிறேன், கையும் கரெக்டா உக்காருது. அப்புறம் எதுக்கு 2/4? அச்சுப் பிழையா? ஃபார்ம், அதாவது பகுதிங்க வர வரிசை, ஏபிஏ தானே?

நவம்பர் 9, இரவு 11.40

அச்சுப் பிழை இல்ல தம்பி. நீ எண்ணுறது குவேவர். 2/4ன்னா ஒரு பாருக்கு ரெண்டு கிராட்செட், அதையே பாதி பாதியா ஒடச்சா நாலு குவேவர், அதனால எப்படி எண்ணினாலும் கை சரியா தான் உக்காரும். கை உக்காந்துடுச்சுங்கறதால எண்ணுனது சரின்னு ஆகிடாது. நாளைக்கு விவரமா எழுதுறேன், இப்ப கரண்ட் போயிப் போயி வருது.

நவம்பர் 10, காலை 6.50

முதல் பார எடுத்துக்கோ. மெலடில ரெண்டே நோட், சி, அப்புறம் பி ஃப்ளாட், ஆளுக்கு ஒரு கிராட்செட். கீழ பாஸ பாரு, அதுவும் ரெண்டே தடவ தான் நகருது, ஏ ஃப்ளாட், அப்புறம் டி ஃப்ளாட். மேலயும் ரெண்டு கீழயும் ரெண்டு. நடுவுல ஓடுற செமிகுவேவர் (குவேவர்ல பாதி) தான் உன் காதுல நாலாவும் எட்டாவும் விழுது, அது தண்ணி ஓடுற மாதிரி ஓடிக்கிட்டே இருக்கணும், அடி வெக்கக் கூடாது.

ரெண்டாவது பார்ல ஈ ஃப்ளாட் நீளமா நின்னு டி ஃப்ளாட்டுக்கு எறங்குது. மூணாவது பார்ல தான் வம்பு. சி, ஈ ஃப்ளாட், ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட்னு நாலு குவேவர் வரிசையா ஏறுது. உன் காது இங்க நாலுன்னு முடிவு பண்ணிட்டு, அந்த நால திரும்பிப் போயி முதல் பார் மேலயும் ஒட்ட வெச்சிடுது. எனக்கும் பல வருஷம் அப்படித்தான் கேட்டுச்சு.

நாலாவது பார் முடிவுல கை லேசா தூக்கு, அங்க ஃப்ரேஸ் (பாட்டுல ஒரு வரி மாதிரி) பாதி முடியுது. நாலு பார் நாலு பார், மொத்தம் எட்டு.

நவம்பர் 12, இரவு 9.30

யார்கிட்ட கத்துக்கிட்டீங்கன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் ஒரு மிஸ் இருந்தாங்க, ஆங்கிலோ இந்தியன், வீட்டு முன் ரூம்ல ஒரு அப்ரைட் பியானோ, அதுக்கு மேல மாதா படம், படத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன டார்ச் எப்பவும் இருக்கும். வாரத்துக்கு ரெண்டு நாள் ராயபுரத்துல இருந்து சைக்கிள்ல போவேன். மழைக் காலத்துல கட்டையெல்லாம் ஊறிப் போயி அழுத்துனா மேல வராது. ஒரு நவம்பர்ல இதே பீஸ் வாசிக்கும்போது ரெண்டாவது பார் ஈ ஃப்ளாட் கட்டை அப்படியே கீழயே நின்னுடுச்சு. நான் நிறுத்திட்டேன். மிஸ் நிறுத்தாத, கேளுன்னாங்க. கட்டை கீழ நின்னா சத்தத்த அடக்குற டேம்பர் கம்பி மேல எறங்காது, அதனால அந்த ஒரு நோட் மட்டும் தானா ஒலிச்சுக்கிட்டே இருந்துச்சு. வெளிய தகரக் கூரை மேல மழை. நான் தலைய பியானோ பக்கம் சாய்ச்சு கேட்டேன். முதல்ல முழுசா இருந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமா மெலிஞ்சு, எந்த எடத்துல நின்னுச்சுன்னு சொல்ல முடியாத அளவுக்கு அடங்கிச்சு. அப்புறம் மிஸ் கட்டைவெரல் நகத்த கட்டைக்கு அடில விட்டு மேல தூக்கி விட்டாங்க. கையெல்லாம் சுருக்கம், ஆனா அந்தத் தூக்குறதுல கட்டைல ஒரு கீறல் விழாது.

பியானோல ஒரு நோட்ட அடிச்ச அடுத்த நொடில இருந்தே அது செத்துக்கிட்டு தான் இருக்கு. நாகஸ்வரம் மாதிரி ஊதிப் பிடிச்சு நிறுத்த முடியாது. நடுக்குரல்ல செமிகுவேவர் ஏன் ஓடுதுங்கறதுக்கு பதில் அன்னிக்கு தான் கெடச்சுச்சு. மேல நீள நோட் மெலியும்போது கீழ இருந்து அது தாங்கிப் பிடிக்குது. இந்த மூவ்மெண்ட் தலைப்புல இருக்குற கன்டாபிலேன்னா பாடுற மாதிரின்னு அர்த்தம். பாட முடியாத ஒரு வாத்தியத்த பாட வெக்கறதுக்கு பீத்தோவன் பண்ண ஏற்பாடு இது.

அதுக்கப்புறம் மிஸ் என் வலது கைய அவங்க கையால மூடி, எடது கை பாஸ் மட்டும் வாசின்னாங்க. எட்டு பார். பாஸ தனியா கேட்டா நாலா எண்ணவே தோணல.

நவம்பர் 13, இரவு 10.05

ஃபார்ம் பத்தி கேட்டியே, ஏபிஏ இல்ல. ஏபிஏசிஏ, கடைசில ஒரு சின்ன வால். ரோண்டோன்னு சொல்லுவாங்க. நம்மாளுங்களுக்கு இத புரிஞ்சுக்க ரோண்டோங்கற வார்த்தையே வேணாம். பல்லவி, அனுபல்லவி, திரும்ப பல்லவி, சரணம், திரும்ப பல்லவி. அவ்ளோ தான். பல்லவி மூணு தடவையும் ஏ ஃப்ளாட் மேஜர்லயே வருது, எங்கயும் இடம் மாறல. அனுபல்லவி எஃப் மைனர்ல ஆரம்பிக்குது, சரணம் ஏ ஃப்ளாட் மைனர்ல.

பார் கணக்கு: முதல் ஏ 16 (எட்டு பார் ஒரு தடவ, அதையே ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி மேல இன்னொரு தடவ), பி 12, ஏ 8, சி 16, ஏ 16, வால் 7.

நவம்பர் 14, காலை 7.20

சரணம் பத்தி புரசைவாக்கம் அக்கா ஒரு நல்ல பாயிண்ட் சொல்லியிருக்காங்க. நம்ம கீர்த்தனைகள்ல பல இடத்துல சரணத்தோட பின்பாதில அனுபல்லவி மெட்டே திரும்ப வரும், இங்க சி பகுதில பி மெட்டு வரவே இல்லன்னு. கரெக்ட் அக்கா. சி முழுக்க புதுசு. மேல ஒரு குரல் கேக்குது, கீழ பாஸ் குட்டிக் குட்டி நோட்ல பதில் சொல்லுது, அப்படியே ஈ மேஜருக்குப் போயிடுது. ஏ ஃப்ளாட் மைனருக்கு ஆறாவதுல இருக்கறது எஃப் ஃப்ளாட். எஃப் ஃப்ளாட்டும் ஈயும் கீபோர்டுல ஒரே கட்டை, அதனால எழுதுறது ஷார்ப்புக்கு மாறிடுது. வாசிக்கிறவன் கண்ணுக்கு வேற ஊரு, காதுக்கு பக்கத்துத் தெரு.

நவம்பர் 14, இரவு 11.10

ஆதி தாளத்துல போட்டுப் பாக்கலாமேன்னு மின்ட் பக்கத்துல மிருதங்கம் வாசிக்கிற ஒரு அண்ணன் எழுதியிருக்காரு. அருமை. ஆதிக்கு ஒரு சுத்துக்கு எட்டு அட்சரம், லகு நாலு, த்ருதம் ரெண்டு ரெண்டு. ஒரு கிராட்செட்ட ஒரு அட்சரமா வெச்சா எட்டு பாருக்கு 16 அட்சரம், சுத்தமா ரெண்டு ஆவர்த்தனம் (முழு சுத்து). எடுப்பு சமத்துல, அதாவது சுத்தோட முதல் அடில. முழு பீஸும் ஆதில அடங்கிடும்னு நெனைக்கிறேன். பி பகுதி 12 பார்னா 24, அதுவும் மூணு ஆவர்த்தனம். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ரெக்கார்டிங் போட்டு தாளம் போட்டுப் பாக்குறேன்.

நவம்பர் 16, மதியம் 2.30

அடங்கல.

நடந்தத அப்படியே சொல்றேன். வீட்டுல கதவ சாத்திட்டு போன்ல போட்டு தொடைல தாளம் போட்டேன். முதல் பல்லவி நாலு ஆவர்த்தனம், சுத்தம். அனுபல்லவி மூணு, சுத்தம். பல்லவி ரெண்டு, சுத்தம். சரணம் போகுது, மூணு மூணா ட்ரிப்லெட் ஓடுது, நானும் தட்டுறேன், பல்லவி திரும்ப வந்து அந்த சி விழும்போது என் கை சமத்துல இல்ல. முதல் த்ருதத்து தட்டுல நிக்குது, அதாவது அஞ்சாவது அட்சரம். தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் தான் எங்கயோ விட்டுட்டேன்னு திரும்பப் போட்டேன். மூணு தடவ போட்டேன். மூணு தடவையும் அதே எடம்.

புக்க எடுத்து விரல் வெச்சு எண்ணுனேன். நான் 13ஆம் தேதி சி 16 பார்னு எழுதுனது தப்பு. சி பகுதி 37ஆவது பார்ல ஆரம்பிச்சு 50ல முடியுது, 14 பார் தான். எட்டு எட்டா வரும்னு மனசுல இருந்ததால எண்ணாமலே எழுதிட்டேன், மன்னிச்சிக்கோங்க. 14 பார்னா 28 அட்சரம், மூணரை ஆவர்த்தனம். அதான் அரை ஆவர்த்தனம் தள்ளி விழுந்துச்சு. இப்ப கணக்கு 16, 12, 8, 14, 16, 7. கூட்டினா 73, புக்ல கடைசி பார் நம்பரும் 73. மொத்தம் 146 கிராட்செட், எட்டால வகுத்தா 18 போக ரெண்டு மிச்சம்.

மிருதங்கம் அண்ணன் உடனே போன் பண்ணாரு. நம்ம கச்சேரில இப்படி நடந்தா தாளம் விட்டுட்டான்னு தான் அர்த்தம், பீத்தோவன் எப்படி விட்டாருன்னு கேட்டாரு. அவர் விடல. அவர் கைல எட்டு அட்சர சுத்து இல்லவே இல்ல. 2/4ங்கறது ரெண்டே அடி உள்ள சின்ன அளவு, அத எத்தன வேணா அடுக்கலாம். நாலு பார் நாலு பாரா அடுக்கி நம்ம காதுக்கு ஒரு பெரிய தாளம் மாதிரி பழக்கிடறாரு, அப்புறம் சரணத்துல அந்தப் பழக்கத்துல ரெண்டு பார உருவிடறாரு. பல்லவி நாம எதிர்பாக்குறதுக்கு முன்னாடியே வந்து நிக்குது. இருவது வருஷமா அந்த எடத்துல எனக்கு நெஞ்சு கொஞ்சம் தடுக்கும், ஸ்வரத்துனாலன்னு தான் நெனச்சிருந்தேன். தாளம் போட்டப்புறம் தான் காரணம் கைல தட்டுப்பட்டுச்சு. அதனால அண்ணே, நீங்க சொன்னது வீணாப் போகல, ஆதி போட்டதால தான் இது தெரிஞ்சுச்சு.

நவம்பர் 17, காலை 6.30

நேத்து விட்டுப் போனது. 37ல இருந்து உள்ள ஓடுறது ட்ரிப்லெட் ஆகுது. அதுவரைக்கும் கிராட்செட்டுக்கு நாலு செமிகுவேவர், அதுக்கப்புறம் ஆறு. சதுஸ்ர நடைல இருந்து திஸ்ர நடைக்குப் போறது தான் இது, தாளம் அப்படியே இருக்கு, நடை மட்டும் மாறுது. முக்கியமான விஷயம் என்னன்னா சரணம் முடிஞ்சதும் திஸ்ரம் நிக்கல. 51ல பல்லவி வரும்போது மேல மெலடி பழைய மெலடி, உள்ள ஓடுறது திஸ்ரம். சரணத்துல பட்டத பல்லவி கூடவே எடுத்துக்கிட்டு வருது. துக்க வீட்டுக்குப் போயிட்டு வந்தவன் அதே நாற்காலில உக்காந்தாலும் அதே மாதிரி உக்கார மாட்டான்ல, அது மாதிரி.

தம்பி, 51ல எல்லாரும் வேகம் ஏத்துவாங்க, நோட் கூடுதுல்ல. ஏத்தாத. கிராட்செட் அதே கிராட்செட் தான். நீ குவேவர நாலா எண்ணிக்கிட்டு வந்தா இங்க ஒவ்வொண்ணுலயும் மூணு வந்து முட்டும், தடுமாறுவ. ரெண்டா எண்ணிக்கிட்டு வந்தா தானா வழுக்கிப் போகும். உன் முதல் கேள்விக்கு இது தான் நடைமுறைல பதில்.

நவம்பர் 19, இரவு 8.45

61 கட்டை கீபோர்டுல இத வாசிக்கலாமா, பியானோ இருந்தா தானே மரியாதைன்னு யாரோ எழுதி தம்பிய சங்கடப்படுத்திட்டாங்க. இந்த சொனாட்டா அச்சானது 1799ல. அப்ப வியன்னால இருந்த பியானோவுக்கு சாதாரணமா அஞ்சு ஆக்டேவ், எஃப்ல இருந்து எஃப் வரைக்கும், எண்ணுனா அதுவும் 61 கட்டை தான். நம்ம கீபோர்டு 'சி'ல ஆரம்பிச்சு 'சி'ல முடியும், அந்த ஒரு வித்தியாசம் இருக்கு. 88 கட்டை எல்லாம் அப்புறம் வந்தது. அந்த பியானோல சத்தம் இன்னும் சீக்கிரம் அடங்கும், மரச் சட்டம், மெல்லிசான கம்பி. அதனால கட்டை எண்ணிக்கைய வெச்சு யாரையும் கீழ பாக்காதீங்க. ஆனா தம்பி, டச் சென்சிடிவ் ஆன் பண்ணிக்கோ, இல்லன்னா மெலடியும் உள்குரலும் ஒரே கனத்துல வரும். ரெண்டும் ஒரே கைல இருக்கு, சுண்டுவிரல் பக்கம் பாடணும், கட்டைவிரல் பக்கம் முணுமுணுக்கணும். சஸ்டெயின் பெடல் கண்டிப்பா வேணும்.

மெட்ரோனோம் (வேகத்த தட்டிக் காட்டுற மெஷின்) நம்பர் கேட்டவருக்கு: பீத்தோவன் எதுவும் போடல. 1799ல போடறதுக்கு அந்த மெஷினே இல்ல, மெல்ட்சல் பேடன்ட் எடுத்தது 1815ல.

நவம்பர் 22, இரவு 12.20

மழை, கணேசபுரம் சப்வேல தண்ணி, வேலைல இருந்து சுத்திக்கிட்டு வீட்டுக்கு வரவே பதினொண்ணு ஆயிடுச்சு. தூக்கம் வரல, அதனால மோட்சார்ட்.

மோட்சார்ட் கே 457 (அவர் பீஸுங்களோட பட்டியல் நம்பர்), அதுவும் சி மைனர் சொனாட்டா, 1784. அதுல ஸ்லோ மூவ்மெண்ட் நடுவுல ஏ ஃப்ளாட் மேஜர்ல ஒரு எடம் வரும், கேட்டா பதெட்டிக் ஆரம்பிச்சிடுச்சோன்னு தோணும், அவ்ளோ கிட்ட. ஆனா மோட்சார்ட் எழுதுனது 4/4ல. பீத்தோவன் 2/4ல. மோட்சார்ட் பார்ல ஒரு பெரிய அடி விழுந்தா அடுத்த பெரிய அடிக்கு ரொம்ப நேரம் ஆகும், நடுவுல விரல் நிறைய அலங்காரம் பண்ணும். பீத்தோவன் சின்னச் சின்ன பாரா வெட்டிட்டு அலங்காரத்தையும் கொறச்சிட்டாரு. அதனால ஒவ்வொரு நோட்டும் ஒரு அடி எடுத்து வெக்குது. நாலு கேக்குதுன்னு தம்பி சொன்னது தப்பே இல்லன்னு இப்ப தோணுது. மோட்சார்ட் நால்ல எழுதுன மெட்டுக்கு அவ்ளோ கிட்ட இருக்குல்ல.

நவம்பர் 25, இரவு 10.00

10ஆம் தேதி நான் சொன்னத திருத்தணும். நாலாவது பார் முடிவுல கை தூக்குன்னு சொன்னேன், தூக்காத. அந்த பார்ல மெலடி ஈ ஃப்ளாட்ல நிக்குது, பார் முடியறதுக்குள்ள ஈ நேச்சுரலுக்கு நகருது, அடுத்த பார்ல எஃப். ஈ ஃப்ளாட், ஈ, எஃப். அந்த நடு ஈ, எஃப்ப கைய பிடிச்சு இழுக்குது. பார் கோட்டுல கை தூக்குனா அந்தப் பிடிய வெட்டுன மாதிரி. ராயபுரம் சர்ச் பாடகர் குழுல இருக்குற அண்ணன் ஒருத்தர் இத சுட்டிக் காட்டினாரு, நன்றி அண்ணே. ஆக நாலும் நாலும்னு பிரிக்காம எட்டு பாரும் ஒரே மூச்சு.

நவம்பர் 26, காலை 7.00

ஒரே மூச்சுன்னு எழுதிட்டு படுத்தேன், காலைல பாடிப் பாத்தேன். குவேவர் நிமிஷத்துக்கு 60ன்னு வெச்சா கிராட்செட் 30, எட்டு பாருக்கு 16 கிராட்செட், 32 செகண்ட். எந்த மனுஷனாலயும் அத ஒரே மூச்சுல பாட முடியாது. அப்ப பாடுறவன் எங்க மூச்சு திருடுவான்? ஈ ஃப்ளாட் முடிஞ்சு ஈ நேச்சுரலுக்கு முன்னாடி. பார் கோட்டுக்கு ஒரு குவேவர் முன்னாடி! ஃப்ரேஸ் பிரியறது கோட்டுல இல்ல, கோட்டுக்கு முன்னாடி. அங்க மெலடி மட்டும் மயிரிழை விட்டுட்டு எடுக்கணும், உள்ள ஓடுற செமிகுவேவர் நிக்கவே கூடாது, பெடலும் அங்க எடுக்கக் கூடாது.

எங்க தாத்தா காசிமேட்டுல கரைவலை இழுத்தவரு. வலை இழுக்கும்போது அம்பா பாடுவாங்க. ஒருத்தர் அடி எடுத்துக் குடுப்பாரு, மத்தவங்க அத வாங்கிக்கிட்டு இழுப்பாங்க. அடி எடுத்துக் குடுக்குறவர் மூச்சு வாங்குவாரு, ஆனா கயிறு மேல இருக்குற கை தளராது, தளர்ந்தா கடல் வலைய திரும்ப எடுத்துக்கும். சின்ன வயசுல மணல்ல உக்காந்து பாத்திருக்கேன். பாட்டு நிக்குற அந்தக் கண்ணிமை நேரத்துல கயிறு மட்டும் விறைப்பா இருக்கும், தண்ணி சொட்டும். அந்த செமிகுவேவர் தான் கயிறு. இழுப்பு ஒண்ணு, பிடி ஒண்ணு, ரெண்டே அடி.

நவம்பர் 27, இரவு 9.15

ஸ்லர் (நோட்டுங்கள சேர்த்து வாசிக்கச் சொல்லி மேல போடுற வளைவு) பத்தி ரெண்டு பேர் சண்டை போட்டுக்காதீங்க. என்கிட்ட ரெண்டு புக் இருக்கு, ஒண்ணு மூர் மார்க்கெட்ல வாங்குன பழசு, இன்னொண்ணு ஊர்டெக்ஸ்ட், அதாவது எடிட்டர் சேர்த்தத எல்லாம் விட்டுட்டு மூலத்த ஒட்டிப் போட்ட பதிப்பு. ரெண்டுலயும் ஸ்லர் ஒரே மாதிரி இல்ல. பீத்தோவன் கையால எழுதுன பிரதி இன்னிக்கு இல்ல, 1799 முதல் பதிப்ப வெச்சு தான் எல்லாரும் வேலை செய்யறாங்க. பழைய பதிப்பு எடிட்டருங்க அவங்களுக்குத் தோணுன நீள வளைவ சேர்த்திருக்காங்க. பழைய புக்க தூக்கிப் போட வேணாம், அந்தக் காலத்து ஒருத்தர் எப்படி மூச்சு விட்டாருன்னு அதுல தெரியுது. ஆனா வாசிக்கும்போது ஊர்டெக்ஸ்ட்ட முன்னாடி வெச்சுக்கோங்க.

டிசம்பர் 3, இரவு 11.30

தம்பி அனுப்புன ரெக்கார்டிங் கேட்டேன். ஹெட்போன்ல ரெண்டு தடவ. பின்னாடி ஃபேன் சத்தம், யாரோ குக்கர் விசில எண்ணுறாங்க, பரவால்ல. முதல் எட்டு பார் ரெண்டா நடக்குது, ரொம்ப சந்தோஷம். ஈ நேச்சுரலுக்கு முன்னாடி மூச்சு கேக்குது, கயிறும் தளரல. ஒரு ஆக்டேவ் மேல போகும்போது சுண்டுவிரல் இன்னும் பாடணும்.

17ஆவது பார்ல திரும்ப நாலா எண்ண ஆரம்பிச்சிட்ட. அங்க கூட வர கார்டு ஒரே மாதிரி தட்டித் தட்டி வருதுல்ல, அதுல மாட்டிக்கிட்ட. எடது கைய மட்டும் 17ல இருந்து 28 வரைக்கும் வாசிச்சு அனுப்பு. வலது கைய மடில வெச்சுக்கோ. ஞாயித்துக்கிழமை ரெண்டாவது பூசை முடிஞ்சா நான் ஃப்ரீ, மூலக்கடை வந்துட்டு போன் பண்ணா நானே கீபோர்டு எடுத்துக்கிட்டு வரேன்.